பெருநோய்க் காலமும் காவலில் இருப்போர் உரிமையும்

கருவேப்பிலங்குறிச்சியில் உழவர்களோடு உரையாடுகையில் முதியவர் ஒருவர், "கொரோனாவில் கோர்ட்டெல்லாம் முடங்கிக் கிடந்ததே, சிறையில் இருந்தவனுக்கு நாட்கணக்கும் நின்றுபோயிற்றா?" என்று வினவினார். ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் விடையறிந்திருக்க வேண்டிய வினா இது. விடையும் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்தே பிறந்தது.

2020 மார்ச்சில் நோய் பரவியபோது, உரிய கெடுவுக்குள் மக்கள் கோர்ட்டை அணுக இயலாது என்பதை உணர்ந்த சுப்ரீம் கோர்ட், மார்ச்சு 23-ஆம் நாள் தானாகவே ஓர் ஆணை பிறப்பித்து, மார்ச்சு 15 முதல் கெடுக்களை நீட்டியது. நிலவழக்கில் தோற்ற உழவர் ஊரடங்கின் காரணமாக அப்பீல் உரிமையை இழந்துவிடலாகாது என்பது போன்றதே அதன் கருத்து.

குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 167-ஆம் பிரிவு வேறொரு கெடுவை விதித்திருந்தது. ஒருவரைக் காவலில் வைத்த 60 நாட்களுக்குள், கடுங்குற்றமாயின் 90 நாட்களுக்குள், போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தல் வேண்டும். தவறினால் அவர் ஜாமீன் பெற உரிமையுடையவர் ஆவார்.

மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கில் கைதான ஒருவர், 73 நாட்களாகியும் குற்றப்பத்திரிகை வராமையால் ஜாமீன் கோரினார். சுப்ரீம் கோர்ட்டின் ஆணை போலீசாருக்கும் கெடுவை நீட்டியதாகக் கருதி, சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2020 மே 11-இல் மனுவைத் தள்ளிற்று. அதே ஹைகோர்ட்டில் மற்றொரு நீதிபதி மே 8-இல் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தார்.

சுப்ரீம் கோர்ட் 2020 ஜூன் 19-இல் ஐயத்தைத் தீர்த்தது. கெடு நீட்டிப்பு போலீசாரின் புலனாய்வுக்குப் பொருந்தாது. ஊரடங்கு, அரசியல் சட்டம் கூறும் நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கு ஒப்பாகாது. உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21-ஆவது ஷரத்தை அது குறைக்கவும் மாட்டாது என்று கூறி, மனுதாரருக்கு ஜாமீன் வழங்கியது. 1978-இல் செய்யப்பட்ட 44-ஆவது திருத்தத்துக்குப் பின்னர், நெருக்கடி நிலையிலுங்கூட இந்த ஷரத்தின் பாதுகாப்பை நிறுத்திவைக்க வழியில்லை என்பதும் இங்கு நினைவிற்குரியது.

ஒரே ஆணை, இரு பயன்கள்! எளியவரின் கதவு அடையாதிருக்கப் பிறந்த சலுகையைக் கொண்டே எளியவரைச் சிறையில் அடைத்துவைத்தல் தகாது. வரப்பைக் காக்க இட்ட வேலி பயிரை மேயலாமா?

2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவிலும் இந்த 60, 90 நாள் வரம்புகள் உள்ளன. உறுப்பினர்கள் மூன்று செய்திகளை மனத்திற் கொள்க. முதலாவது, உரிமை தானே வந்து கதவைத் தட்டாது. கெடு முடிந்தவுடன், குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்னரே மனுச் செய்தல் வேண்டும். இரண்டாவது, ஜாமீன் விடுதலையன்று. வழக்கு தொடர்ந்து நடைபெறும். மூன்றாவது, காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஊரில் எவரேனும் கைதானால், காவலில் வைத்த நாளை ஒரு தாளில் குறித்து அவர்தம் குடும்பத்தாரிடம் கொடுங்கள். அச்சிறு குறிப்பு ஒரு மனிதரின் பல நாட்களை மீட்டுத்தரக்கூடும்.