படியெடுத்தலும் பாதுகாத்தலும்

நுழையும்முன்

ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதிக் காத்த மரபு தமிழருடையது. இன்று ஓலையின் இடத்தில் விரல்நகம் அளவுள்ள நினைவட்டை இருக்கிறது. எழுத்தாணியின் இடத்தில் ஒளிப்படக் கருவி இருக்கிறது. கருவிகள் மாறினாலும், பதிவு செய்ததை இழவாமல் காக்கும் பொறுப்பு மாறவில்லை. ஒளிப்படங்களை நினைவட்டையிலிருந்து கணினிக்குக் கொண்டுசெல்லும் முறையையும், அதில் பேண வேண்டிய ஒழுங்கையும் இப்பாடம் விளக்குகிறது.

மீண்டும் எடுக்க இயலாத படம்

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர் சாத்தூர். காரச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்பெற்ற இவ்வூர், மைப்பேனாவின் நிப்புத் தொழிலாலும் அறியப்பட்டது. உலோகத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, நடுவே நூலிழை போன்ற பிளவு கொடுத்து நிப்பு உருவாக்கப்படும். பந்துமுனைப் பேனாவின் வரவால் மைப்பேனாவின் பயன்பாடு குறைந்தது. அதனோடு இத்தொழிலும் மெலிந்தது.

இத்தொழிலை ஆவணப்படுத்த மாணவர் குழு ஒன்று முனைகிறது எனக் கொள்வோம். முதிய கைவினைஞர் ஒருவர் நிப்புக்குப் பிளவு கொடுக்கும் நுட்பத்தை அவர்கள் ஒரே நாளில் 240 படங்களாக எடுக்கின்றனர். தொழிற்கூடம் அடுத்த மாதம் மூடப்படவுள்ளது. அவ்வாறாயின் அந்த 240 படங்களும் உலகில் ஒரே ஓர் இடத்தில், ஒரு சிறு அட்டைக்குள் மட்டுமே இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் எடுக்க வழியில்லை. படங்களைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் சில நிமிடங்களே அவற்றின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன.

அட்டைக்குள் இருப்பது

1975ஆம் ஆண்டு கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் எண்ணிம ஒளிப்படக் கருவி ஒன்றை உருவாக்கினார். டிஜிட்டல் கேமரா என மக்கள் வழங்கும் கருவிக்கு அதுவே முன்னோடி. நூறு வரிசையும் நூறு நிரலுமாக, மொத்தம் 10,000 புள்ளிகளால் ஆன கருப்பு வெள்ளைப் படத்தை அது ஒலிநாடாவில் பதிவு செய்தது. ஒரு படத்தைப் பதிய 23 வினாடிகள் ஆயின.

இன்றைய நினைவட்டையின் அடிப்படை, ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா கண்டறிந்த 'ஃபிளாஷ்' நினைவகம் ஆகும். 1984ஆம் ஆண்டு அவர் அதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். தகவலை அது அழிக்கும் வேகம் கேமராவின் ஒளிவீச்சை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஒருவர் இப்பெயரைச் சூட்டினார் என்பர். காக்கும் பொருளுக்கு, அழிக்கும் திறத்தால் பெயர் வாய்த்தது எண்ணத்தக்கது. பின்னர், 1999ஆம் ஆண்டு சான்டிஸ்க், மட்சுஷிதா, தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் இணைந்து எஸ்.டி. அட்டையை அறிவித்தன. மட்சுஷிதாவே இன்று பானசோனிக் என்னும் பெயரில் இயங்குகிறது.

இவ்வட்டைக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. நுண்ணிய சிற்றறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமே படமாக நிற்கிறது. நெடுங்காலம் பயன்படுத்தாது வைத்தால் அம்மின்னூட்டம் மெல்லக் கசியக்கூடும். பலமுறை எழுதி அழித்தால் சிற்றறைகள் தேயும். எனவே நினைவட்டை ஒரு வழித்தங்கல் மட்டுமே. படங்களின் நிலையான இல்லம் அன்று.

சுவடி கூறும் பாடம்

உ.வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர். சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு வேள்வித்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்தியைக் கேட்டு அவர் வருந்தினார். தம் வரலாற்று நூலாகிய 'என் சரித்திரம்' என்பதில் இதனை அவர் பதிவு செய்துள்ளார். ஏடுகளை எரித்தவர்கள் பகைவர் அல்லர். பழைய ஏட்டை முறைப்படி நீக்குவதாகவே அவர்கள் எண்ணினர். வேறு படி உண்டா என்று பார்க்காமல் மூலத்தை நீக்கியதே இழப்புக்குக் காரணமாயிற்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. 1887ஆம் ஆண்டு அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி, பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கியதால் உருவானது. ஓர் ஏட்டில் சிதைந்த பகுதியைப் பிறிதோர் ஏடு ஈடுசெய்தது. படிகள் பலவாக இருந்தமையால் நூல் பிழைத்தது. இவ்விரு நிகழ்ச்சிகளும் கூறும் நெறி ஒன்றே: முதலில் படியெடு, பின்னர் ஒப்பிடு, இறுதியிலேயே மூலத்தை நீக்கு.

வெட்டுதலும் படியெடுத்தலும்

கணினியில் கோப்புகளைக் கொண்டுசெல்ல இரு வழிகள் உள்ளன. 'வெட்டி ஒட்டுதல்' ஒன்று. 'படியெடுத்து ஒட்டுதல்' மற்றொன்று. முதலாவதில், கணினி ஒவ்வொரு கோப்பாகத் தன்னுள் எழுதிக்கொண்டு அட்டையில் உள்ளதை நீக்கிவிடுகிறது. எழுதியது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்பதை அது பொதுவாக மீண்டும் படித்துப் பார்ப்பதில்லை. இடையே மின்சாரம் தடைப்பட்டாலோ, இணைப்புக் கம்பி அசைந்து விலகினாலோ, சில படங்கள் கணினியிலும் சில படங்கள் அட்டையிலுமாகப் பிரிந்து கிடக்கும். ஒரு படம் பாதியில் நிற்கவும் கூடும். கணினியில் பழுதுற எழுதப்பட்ட கோப்பின் நல்ல மூலம், அட்டையிலிருந்து முன்னரே நீங்கியிருக்கலாம்.

இரண்டாவது வழியில் இந்த இடர் இல்லை. எந்த நிலையில் தடை நேர்ந்தாலும் மூலம் அட்டையில் அப்படியே இருக்கும், மீண்டும் தொடங்கலாம். ஆகவே, மீள எடுக்க இயலாத படங்களை வெட்டி ஒட்டுதல் கூடாது.

இணைக்கும் முறை

படங்களைக் கணினிக்குக் கொண்டுசெல்ல, ஒளிப்படக் கருவியையே யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கலாம், அல்லது அட்டையைக் கழற்றி, கார்டு ரீடர் எனப்படும் அட்டைப்படிப்பானில் செருகலாம். முதல் முறையில் கருவியின் மின்கலம் போதிய ஆற்றலோடு இருத்தல் வேண்டும். இடையில் அது தீர்ந்தால் இணைப்பு அறும். அட்டைப்படிப்பானுக்குக் கருவியின் மின்கலம் தேவைப்படாது.

அட்டையைக் கழற்றுமுன் கருவியை அணைக்க வேண்டும். கருவியின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், படம் இன்னும் எழுதப்பட்டு வருகிறது என்பது பொருள். முழு அளவுள்ள எஸ்.டி. அட்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு தாழ் உண்டு. அதனைப் பூட்டு நிலைக்குத் தள்ளியபின் அட்டைப்படிப்பானில் செருகினால், படங்களைப் படிக்கலாம். தவறுதலாக அழிப்பது பெரும்பாலும் தடுக்கப்படும்.

அட்டையைத் திறந்தால் 'டி.சி.ஐ.எம்.' என்ற கோப்புறை தென்படும். 1998ஆம் ஆண்டு ஜப்பானில் வகுக்கப்பட்ட நெறிமுறையின்படி, எந்த நிறுவனத்தின் கருவியாயினும் படங்களை இக்கோப்புறைக்குள் இடும். இதனுள் 100 முதல் 999 வரையிலான எண்ணில் தொடங்கும் உட்கோப்புறைகள் அமையும். கோப்புறை முழுவதையும் படியெடுப்பதே நன்று. ஒவ்வொன்றாகத் தேர்ந்தால் சில படங்கள் விடுபடக்கூடும்.

ஒரு படம் ஏறத்தாழ 6 மெகாபைட்டு எனில், 240 படங்கள் 1,440 மெகாபைட்டு ஆகும். வினாடிக்கு 20 மெகாபைட்டு வேகத்தில் இவற்றைப் படியெடுக்க 72 வினாடிகள் போதும். இவ்வளவு சிறிய காத்திருப்பை அவசரத்தால் குலைத்தல் தகாது. பணி முடிந்ததும், கணினியில் 'பாதுகாப்பாக நீக்குக' என்னும் கட்டளையை அளித்த பின்னரே அட்டையை எடுக்க வேண்டும்.

சரிபார்த்தல்

படியெடுத்தல் முடிந்தது என்று கணினி கூறுவது பாதி உறுதியே. மீதி உறுதியை மனிதர் பெற வேண்டும். முதலில், இருபுறமும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும். அட்டையில் 240 எனில் கணினியிலும் 240 இருத்தல் வேண்டும். அடுத்து, மொத்த அளவை ஒப்பிட வேண்டும். இறுதியாக, தொடக்கம், நடு, முடிவு எனப் பல இடங்களிலிருந்து படங்களை முழு அளவில் திறந்து பார்க்க வேண்டும்.

சிறு உருவங்களின் வரிசையைக் கண்டு மனநிறைவு அடைதல் தவறு. ஒளிப்படக் கருவி ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் படத்தின் சிறு வடிவம் ஒன்றைச் சேர்த்து எழுதுவது வழக்கம். அச்சிறு வடிவம் நன்றாக இருந்தும், முழுப் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகச் சிதைந்திருக்கக் கூடும். மாணவர் குழுவினர் முழு அளவில் திறந்து பார்த்தால்தான், கைவினைஞரின் விரல்கள் அப்படத்தில் உள்ளனவா என்பது தெரியும்.

பெயரிடுதல்

ஒளிப்படக் கருவி தரும் கோப்புப் பெயர் நான்கு குறிகளும் நான்கு இலக்கங்களும் கொண்டது. 9999க்குப் பின் எண் மீண்டும் 0001இல் தொடங்கும். இரு கருவிகளின் படங்களுக்கும் ஒரே பெயர் அமையலாம். அவற்றை ஒரே கோப்புறையில் இட்டால், கணினி 'பழையதை மாற்றவா?' என்று வினவும். சிந்தியாது 'ஆம்' என்றால் ஒரு படம் மற்றொரு படத்தை அழித்துவிடும்.

எனவே, ஒவ்வொரு நாள் படங்களுக்கும் தனிக் கோப்புறை தேவை. '2024-07-20 சாத்தூர் நிப்புக்கூடம்' என ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயரிட்டால், கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கித் தரும். இருவர் இரு கருவிகளால் படம் எடுத்திருந்தால், ஒவ்வொருவருக்கும் ஓர் உட்கோப்புறை அமைக்க வேண்டும். படத்தில் இருப்பவர் யார், செய்யும் வேலை யாது என்பதையும் அன்றே குறித்து வைத்தல் நன்று. குறிப்பற்ற படம், பெயர் தெரியாத ஏட்டுக்கு ஒப்பாகும்.

கணினியிலிருந்து அட்டைக்குப் படங்களை மீண்டும் அனுப்பும் தேவையும் எழும். பெயர் மாற்றிய படங்களைக் கருவியின் திரை காட்டாமல் போகலாம். கருவி தன் நெறிமுறைக்கு உட்பட்ட பெயர்களையே தேடுகிறது. படம் அழிந்துவிட்டது என அப்போது அஞ்ச வேண்டியதில்லை.

மூன்று படிகள்

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய எளிய விதி ஒன்று உண்டு. படிகள் மூன்று, அவற்றைத் தாங்கும் பொருள்கள் இருவகை, ஒரு படி வேறு இடத்தில். கணினியில் ஒன்று, புற வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பகத்திலோ வெளியூரில் உள்ள உறவினர் இல்லத்திலோ ஒன்று என வைக்கலாம்.

'வேறு இடத்தில்' என்னும் சொல்லின் அருமையை 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் உணர்த்தியது. அங்குப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஒரே கூரையின்கீழ் எத்தனை படிகள் இருந்தாலும், நெருப்பின் முன் அவை ஒன்றே.

நீக்கும் நேரம்

சரிபார்த்து, இரண்டாவது படியும் எடுத்த பின்னரே அட்டையை வெறுமையாக்க வேண்டும். அதனைக் கணினியில் செய்யாமல், ஒளிப்படக் கருவியின் 'ஃபார்மட்' கட்டளையால் செய்தல் நன்று. கருவி தனக்கு ஏற்ற கோப்பமைப்பை உருவாக்கிக்கொள்ளும்.

தவறுதலாகப் படங்கள் அழிந்தால், உடனே அந்த அட்டையின் பயன்பாட்டை நிறுத்த வேண்டும். அழித்தல் என்பது பெரும்பாலும் பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதே. புதிய படம் அவ்விடத்தில் எழுதப்படும்வரை பழைய படம் உள்ளே இருக்க வாய்ப்புண்டு. மீட்பு மென்பொருளைக் கணினியில் நிறுவி, மீண்ட படங்களையும் கணினியிலேயே சேமிக்க வேண்டும். அட்டையில் மீண்டும் எழுதுதல் ஆகாது.

நிப்பின் பிளவு சற்றே விலகினாலும் எழுத்து கெடும் என்பதைக் கைவினைஞர் அறிவார். ஆதலால் அவர் ஒவ்வொரு நிப்பையும் கண்ணருகே கொண்டுவந்து நோக்குகிறார். அவரைப் படம் பிடித்தவர்களுக்கும் அதே பொறுமை வேண்டும். அவருடைய கைத்திறன் அடுத்த தலைமுறையைச் சென்றடைவது அப்பொறுமையைச் சார்ந்தது.

தெரிந்து தெளிவோம்

செய்தி பரிமாறும் செயலிகள் வழியாகப் படத்தைப் படமாகவே அனுப்பினால், அதன் அளவு பொதுவாகச் சுருக்கப்படும், நுண்விவரங்கள் குறையும், எடுத்த நாளைக் குறிக்கும் தகவலும் நீங்கக்கூடும். அவ்வாறு பெற்ற படம் பார்ப்பதற்கு ஏற்றது, மூலத்திற்கு ஈடாகாது. 'ஆவணம்' என்ற வகையில் அனுப்பினால் கோப்பு சுருங்காமல் செல்லும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மறைந்துவரும் தொழில் ஒன்றைத் தேர்ந்து, உரியவரின் இசைவைப் பெற்று, பத்து ஒளிப்படங்களும் குறிப்புகளும் கொண்ட தொகுப்பை உருவாக்குக.
2. அத்தொகுப்பிற்கு மூன்று படிகள் எடுத்து, அவை இருக்கும் இடங்களைப் பட்டியலிடுக.
3. சுவடியைப் பெயர்த்தெழுதியவரும் ஒளிப்படத்தைப் படியெடுப்பவரும் எதிர்கொள்ளும் இடர்களை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.