கடல் ஏறுதா, நிலம் இறங்குதா? ஜகார்த்தா சொல்லித்தரும் பாடம்



"கடல் மட்டம் உயருது, கடலோர நகரங்கள் மூழ்கப் போகுது" என்ற செய்தியை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். படித்ததும் உருகும் பனிப்பாறைகள்தான் நினைவுக்கு வரும். அது உண்மையும்கூட. ஆனால் சில ஊர்களில் கணக்கு வேற மாதிரி. அங்கே கடல் மேலே வருவதைவிடப் பல மடங்கு வேகமாக நிலம் கீழே போயிட்டு இருக்கு. இந்தோனேசியாவின் ஜகார்த்தா அப்படி ஒரு நகரம்.

சிவில் படிக்கிறவங்களுக்கு இது சாயில் மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற விஷயம்தான். மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. 2006க்கும் 2018க்கும் இடையில் ஆண்டுக்குச் சுமார் 3.7 மி.மீ. என்கிறது ஐ.நா.வின் காலநிலை அறிக்கை.

இப்போ ஜகார்த்தாவுக்கு வாங்க. அங்கே நிலம் இறங்கும் வேகம் இடத்துக்கு இடம் மாறும். கடந்த காலத்தில் அது பெரும்பாலும் ஆண்டுக்கு 1 முதல் 15 செ.மீ. வரை இருந்திருக்கிறது. வடக்கே கடலை ஒட்டிய மூரா பாரு பகுதியில் 1974 முதல் 2010 வரை நிலம் சுமார் 4 மீட்டர் இறங்கிவிட்டது. ஒரு வீட்டின் தரைத்தளத்தை விட அதிக உயரம்!

ஆண்டுக்கு 10 செ.மீ. இறங்கும் ஓர் இடத்தை எடுத்துக்குவோம். பத்து வருஷத்தில் நிலம் இறங்கியது 100 செ.மீ., கடல் ஏறியது 3.7 செ.மீ. கரையில் நிற்கிறவருக்கு இரண்டும் சேர்ந்து, கடல் 103.7 செ.மீ. உயர்ந்த மாதிரிதான் தெரியும். இதைத்தான் ஒப்பீட்டுக் கடல் மட்டம் என்கிறோம். அதில் கடலின் பங்கு 4 சதவீதம்கூட இல்லை.

இதை வைத்து "கடல் ஏறுவதெல்லாம் சும்மா" என்று முடிவு கட்டிவிடாதீங்க. கடல் ஏற்றம் உலகம் முழுக்க உள்ள பிரச்சினை, அது தொடரத்தான் போகிறது. நிலம் இறங்குவது அந்த ஊர் தானே வரவழைத்துக்கொண்டது. அதனால் அந்த ஊரே நிறுத்தவும் முடியும்.

நிலம் ஏன் இறங்குது?

ஜகார்த்தா, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல் உட்கார்ந்திருக்கிறது. மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கும். மணல் அடுக்கில் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். தண்ணீர் போனால் மண் ஏன் அமுங்கணும்? இதற்கு விடை தந்தவர் கார்ல் டெர்சாகி. 1925ல் வெளிவந்த அவருடைய புத்தகம்தான் இன்றைய மண் இயக்கவியலுக்கு அடித்தளம். அவர் சொன்ன விதி இதுதான்:

மொத்த அழுத்தம் = மண் துகள்கள் தாங்கும் அழுத்தம் + இடுக்குகளில் உள்ள நீரின் அழுத்தம்

கல்யாண வீட்டில் ஒரு பெரிய அண்டாவை நாலு பேர் தூக்கிட்டுப் போறாங்கன்னு வைங்க. இரண்டு பேர் கையை விட்டுட்டா அண்டாவின் எடை குறையாது. மிச்சம் இருக்கிற இரண்டு பேர் தலையில்தான் முழுசும் விழும். தண்ணீர் கையை விட்டால் மண் துகள்களுக்கு நடப்பதும் அதுதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நிலத்தடி நீரழுத்த மட்டம் 10 மீட்டர் இறங்கினால், நீரழுத்தம் 10 × 9.81 = சுமார் 98 கிலோபாஸ்கல் குறையும். மொத்த அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், அந்த 98ம் மண் துகள்கள் மேல் ஏறும். கட்டடத்தில் ஒரு மாடிக்குத் தோராயமாக 10 கிலோபாஸ்கல் என்று கணக்கு வைப்பது வழக்கம். அப்படியென்றால் ஊர் முழுக்க, ஒரு இடைவெளி விடாமல், பத்து மாடிக் கட்டடத்தை ஏற்றி வைத்ததற்குச் சமம்!

அடுத்து, எவ்வளவு அமுங்கும்? உதாரணத்துக்கு 20 மீட்டர் தடிமனுள்ள மென்களிமண், ஒரு கிலோபாஸ்கலுக்கு 0.0005 பங்கு அமுங்கும் என்று வைப்போம். 20 × 98 × 0.0005 = 0.98 மீட்டர். கிட்டத்தட்ட ஒரு மீட்டர்.

ஜகார்த்தாவில் கட்டடங்களின் எடை, புது வண்டல் தானாக இறுகுவது போன்ற காரணங்களும் உண்டு. ஆனால் ஆழத்திலிருந்து எடுக்கும் தண்ணீர்தான் முக்கியக் காரணம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

உடனே தெரியாது, திரும்பியும் வராது

களிமண்ணின் இடுக்குகள் மிகச் சிறியவை. தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்கு ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு நேர்விகிதம். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. அதனால் இன்றைக்கே மோட்டாரை நிறுத்தினாலும், பழைய கணக்கு தீரும்வரை நிலம் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

சரி, தண்ணீரைத் திரும்ப உள்ளே விட்டால் நிலம் எழும்புமா? லேப்ல கன்சாலிடேஷன் டெஸ்ட் செய்தவர்கள் அந்த வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். எடை ஏற்றும்போது கோடு செங்குத்தாக இறங்கும். எடையை எடுக்கும்போது கொஞ்சம்தான் மேலே வரும். களிமண் ஸ்பிரிங் இல்லை. போன உயரம் பெரும்பாலும் போனதுதான்.

சுவர் கட்டினால் போதாதா?

2007 நவம்பரில் பெரிய ஓதம் வந்து கடல்நீர் வடக்கு ஜகார்த்தாவுக்குள் புகுந்தது. அதன்பின் கரைச்சுவரை உயர்த்தினார்கள். ஆனால் சுவர் நிற்பதும் அதே இறங்கும் மண்ணில்தானே? அதுவும் சேர்ந்து இறங்கும். மூரா பாருவில் வால் அதுனா என்ற மசூதி சுவருக்கு வெளியே, தண்ணீருக்குள் கைவிடப்பட்டு நிற்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த நகரம் வழியாக 13 ஆறுகள் ஓடுகின்றன. நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் மழைநீர் தானாக வடியாது. இரவும் பகலும் பம்ப் ஓடணும். கரண்ட் போனால் வெள்ளம்.

2019 ஆகஸ்டில் அன்றைய அதிபர் ஜோகோ விடோடோ தலைநகரைப் போர்னியோ தீவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். 2022ல் சட்டமும் வந்தது. புதுத் தலைநகரின் பெயர் நுசந்தாரா. ஆனால் அலுவலகங்கள் மாறினாலும், ஒரு கோடிப் பேர் வாழும் ஊர் அதே இடத்தில்தான் இருக்கும்.

டோக்கியோ எப்படி நிறுத்தியது?

இதே நோய் டோக்கியோவுக்கும் வந்தது. கோட்டோ பகுதியில் சில இடங்கள் 20ஆம் நூற்றாண்டில் 4 மீட்டருக்கு மேல் இறங்கின. 1956லும் 1962லும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. தொழிற்சாலைகளுக்கு மாற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள். 1970களில் இறக்கம் பெருமளவு அடங்கியது. இழந்த உயரம் வரவில்லை. இன்றும் அந்தப் பகுதி கரைகளையும் பம்புகளையும் நம்பித்தான் இருக்கிறது.

ஒரு வேடிக்கை பாருங்கள். நீர்மட்டம் திரும்ப ஏறியதும், அது தாழ்ந்திருந்த காலத்தில் கட்டிய டோக்கியோ, உவேனோ ரயில் நிலையங்களின் நிலத்தடிப் பகுதியைத் தண்ணீர் மேலே தள்ள ஆரம்பித்தது. ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான்! கடைசியில் அவற்றை நிலத்தோடு நங்கூரம் போட்டுப் பிடித்து வைத்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் என்றைக்கும் ஒரே இடத்தில் நிற்கும் என்று நம்பி டிசைன் செய்யக் கூடாது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஜகார்த்தாவில் குழாய்த் தண்ணீர் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறுகளும் மாசுபட்டவை. அந்த நிலையில் "போர் போடாதே" என்று உத்தரவு மட்டும் போட்டால் மக்கள் எதைக் குடிப்பார்கள்? டோக்கியோவில் சட்டம் பலித்ததற்குக் காரணம், பக்கத்திலேயே மாற்றுத் தண்ணீரும் வந்தது. கடலைத் தடுக்கும் வேலை கடற்சுவரில் இல்லை, தெருக்குழாயில் தொடங்குகிறது.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததில் கடல்நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அங்கே விளைவு வேறு, காரணம் ஒன்றுதான்.

போகும் முன் ஒரு வீட்டுப்பாடம். களிமண் தடிமன் 15 மீட்டர், நீரழுத்த மட்டம் இறங்கியது 6 மீட்டர், அமுங்கும் அளவு கிலோபாஸ்கலுக்கு 0.0004. நிலம் எவ்வளவு இறங்கும்? ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் கடல் அதே அளவு ஏற எத்தனை வருஷம் ஆகும்? 35 செ.மீ., 95 வருஷம் என்று விடை வந்தால் பாடம் புரிந்துவிட்டது. வரலைன்னா அண்டா உதாரணத்தை இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க!