மேல் பேட்ச்சுக்கு முதல் நாள்: அக்கா சொல்றேன், கேட்டுக்கோ

உன் பொண்ணை ஷட்டில் கிளாஸ்ல அட்வான்ஸ் பேட்ச்சுக்கு மாத்திட்டாங்கன்னு கேட்டு ரொம்ப சந்தோஷம்டா. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. நேத்து வரைக்கும் சின்ன பேட்ச்ல அவதான் கெட்டிக்காரி. இனிமே போற இடத்துல எட்டு வயசுல அவதான் கடைக்குட்டி. முதல் நாள் கஷ்டமே இதுதான். அன்னைக்கு அவ எவ்வளவு கத்துக்கிட்டாங்கிறது பெரிசில்ல. மறுநாளும் போகணும்னு அவளுக்கே தோணணும். அதுக்கு நீ செய்ய வேண்டியதைச் சொல்றேன்.

முதல் விஷயம் ஷட்டில்காக். இதுவரைக்கும் நைலான்ல ஆடியிருப்பா. மேல் பேட்ச்ல பெரும்பாலும் இறகுதான். 16 இறகு, எடை 5 கிராம் சுமார். அடிச்சதும் சர்ருன்னு கிளம்பும், போகப் போக சட்டுன்னு வேகம் குறைஞ்சு நெட்டுக்குத்தா விழும். நைலானுக்குப் பழகின கைக்கு அந்த நேரக் கணக்கு பிடிபடாது. நல்லா ஆடுற பிள்ளையே வெறும் காத்துல பேட்டை வீசும். வெளியில உக்காந்திருக்கிற நமக்கு, 'ஆடினதெல்லாம் மறந்துட்டாளா'ன்னு பதறும். மறக்கல, காக் மாறியிருக்கு, அவ்வளவுதான். கோச்கிட்ட கேட்டு, இறகு ஒடிஞ்ச பழைய காக் ரெண்டு வாங்கி, முன்னாடியே வீட்டு ஹால்ல நின்ன இடத்துல மேல தட்டிப் பழக்கு. கை கொஞ்சம் தயாராகும்.

வலையோட உயரம் கம்பத்துகிட்ட 1.55 மீட்டர். எட்டு வயசுப் பிள்ளைங்க அதைவிட ஒரு சாணாவது குட்டையாத்தான் இருக்கும். அண்ணன் அக்காங்களோட நிக்கும்போது அவளுக்கே அது உறைக்கும். ஓசூர்ப் பொண்ணு நித்யஸ்ரீ சிவனைப் பத்திச் சொல்லு. உயரம் குறைஞ்சவங்களுக்கான பிரிவுல, அதே வலைக்கு முன்னாடி நின்னு, 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸ்ல வெண்கலம் ஜெயிச்சாங்க. வீடியோவைப் போட்டுக் காட்டினா இன்னும் நல்லது.

புது ஷூவை முதல் நாளே மாட்டி அனுப்பாதே, குதிங்கால் கொப்பளிச்சுடும். ரெண்டு மூணு நாள் வீட்டுக்குள்ள போட்டு நடக்கவிடு. தரையில தடம் விழாத நான்-மார்க்கிங் ஷூ கட்டாயம். பேட் பழசே போதும். விலை கூடின பேட்டை இப்பவே வாங்காதே. கைப்பிடி தடிமனா இருந்தா மட்டும் கோச்கிட்ட காட்டிக் கேளு. சின்னக் கைக்குத் தடிச்ச பிடி மணிக்கட்டை வலிக்க வைக்கும்.

காத்துல காக் விலகிடும்னு உள்ளரங்கத்துல ஃபேன் போட மாட்டாங்க. நெய்வேலி வெயில்ல அந்த ஹால் எப்படி வேகும்னு உனக்குத் தெரியும். தண்ணி பாட்டிலோட சின்ன டவல், மாத்து டி-ஷர்ட் ஒண்ணு பையில இருக்கட்டும். ஸ்கூல்ல இருந்து வந்ததும் சோறு போட்டு அனுப்பாதே. பாதி வாழைப்பழம் போதும். பண்ருட்டிப் பலா சீசன்ல வீடு பூரா மணக்கும், ரெண்டு சுளை கேப்பா. கிளாஸ் முடிஞ்சு வந்து சாப்பிடட்டும். திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர் குடு.

யார் கூட்டிட்டுப் போறதுங்கிறதை முன்னாடியே முடிவு பண்ணிடு. உன் வீட்டுக்காரருக்கு வாராவாரம் ஷிப்ட் மாறும். திங்கக்கிழமை அப்பா, புதன்கிழமை பக்கத்து வீட்டு அங்கிள்னு ஆள் மாறிட்டே இருந்தா, புது இடத்துல பிள்ளை மிரளும். முதல் வாரம் ஒரே ஆள் போகட்டும்.

கால் மணி நேரம் முன்னாடி போ. அந்த பேட்ச்ல ஒரே ஒரு பெரிய பொண்ணு பேரையாவது இவ தெரிஞ்சுக்கட்டும். ஒரு அக்கா கிடைச்சுட்டா பாதி பயம் போயிடும், எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

கோச்கிட்ட கூச்சப்படாம கேக்க வேண்டியதும் இருக்கு: பெத்தவங்க உக்காந்து பார்க்கலாமா, கிளாஸ் நேரத்துல கதவு திறந்திருக்குமா, தனியா கூப்பிட்டு பயிற்சி குடுக்கிறதுண்டா. நல்ல கோச் இதுக்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார். சுளிச்சா அந்த இடம் வேண்டாம். யார் எங்கே தொட்டாலும், பிடிக்கலைன்னா உடனே அம்மாகிட்ட சொல்லணும்னு அவளுக்கும் சொல்லி வை. அவசரத்துக்கு 1098 இருக்கு, குழந்தைங்களுக்கான இலவச உதவி எண்.

திரும்பி வரும்போது 'ஜெயிச்சியா'ன்னு கேக்காதே. 'இன்னைக்கு எது ஜாலியா இருந்துச்சு'ன்னு கேளு. பதில் வரலைன்னா விட்டுடு, ராத்திரி படுக்கும்போது தானா சொல்லுவா. நெய்வேலி டவுன்ஷிப்ல இன்னொரு தொல்லை உண்டு. ஒரே கம்பெனி, ஒரே வட்டம், பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ். யார் பையன் எந்த பேட்ச்ல இருக்கான்னு பஜார் போய்ட்டு வர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். அந்தப் பேச்சை வாசலோட நிறுத்திடு, பிள்ளை காதுல போடாதே.

வாரம் முழுக்க அனுப்பாதே. வாரத்துக்கு ஒரு நாளாவது பயிற்சியில இருந்து ஓய்வும், வருஷத்துல விட்டுவிட்டு மொத்தம் மூணு மாசம் அந்த ஒரே விளையாட்டுல இருந்து இடைவெளியும் வேணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுது. வளர்ற எலும்பும் மூட்டும் தொடர்ந்து ஒரே மாதிரி உழைப்பைத் தாங்காது. அந்த ஓய்வு நாள்ல சைக்கிள் ஓட்டட்டும், மரத்தடியில ஓடிப் பிடிச்சு விளையாடட்டும்.

ஒரு மாசம் பார். அதுக்கப்புறமும் கிளாஸ் நாள்னாலே வயித்து வலின்னு சொன்னா, பழைய பேட்ச்சுக்கே திரும்ப விடச் சொல்லி நீயே போய்க் கேளு. அதுல ஒரு அவமானமும் இல்ல, ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஏறிக்கலாம்.