தோடம்பழமும் தலையிழந்த சொல்லும்

வெஸ்ட் ஈலிங் அக்ஸ்பிரிட்ஜ் வீதிக் கடையில் நாங்கள் தோடம்பழம் கேட்டால், “ஓரேஞ் என்று சொல்லுங்கோ அம்மா, அதுதான் இங்கிலிஷ்” என்று பிள்ளைகள் திருத்துகிறார்கள். சரி, அந்த ஓரேஞ் எங்கிருந்து வந்தது?

நாரத்தை ஊறுகாய் எங்கள் வீட்டுச் சாமான். அந்த நாரத்தைக்கு உறவான ஒரு திராவிடச் சொல்லே சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’, பாரசீகத்தில் ‘நாரங்’ ஆயிற்று என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பாரசீகத்தின் கடைசி ககர ஒலி அரபியில் ஜகரமாகி ‘நாரஞ்ஜ்’ என்றானது. (அரிசிதான் ‘ரைஸ்’ என்று முழங்குவோரும் உண்டு, அந்த வழி இவ்வளவு தெளிவல்ல.)

அராபியர் பழத்தையும் பெயரையும் ஸ்பெயினுக்குக் கொண்டு சென்றனர். ஸ்பானியர் இன்றும் ‘நரன்ஹா’ என்றே சொல்கிறார்கள். இத்தாலியிலும் பிரான்சிலும்தான் தலை போயிற்று. ‘ஒரு’ எனப் பொருள்படும் முன்சொல்லின் னகரத்தோடு பழத்தின் முதல் ஒலி கரைந்துவிட்டது. ஆங்கிலேயர் பிரெஞ்சு வழியாக அந்தத் தலையிழந்த சொல்லையே வாங்கினர். அவர்களும் இதில் கெட்டிக்காரர்தாம்: ‘எ நேப்ரன்’ என்பதே பிறகு ‘ஆன் ஏப்ரன்’ ஆனது.

அடுத்த முறை திருத்த வரும் பிள்ளையிடம், விழுந்த ‘ந’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள்.