நெடுந்துயில் கொள்ளும் இரண்டு உயிர்கள்

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில் அல்சாஸ் என்னும் சமவெளி உள்ளது. அங்கு வயல்களின் அடியில் வளை தோண்டி வாழும் ஐரோப்பிய ஹாம்ஸ்டர், எலிகளுக்கு உறவான உயிராகும். கோடையில் தேவாலயங்களின் கூரைப் பரண்களில் தொங்கும் பெரிய எலிச்செவி வௌவாலும் நடு ஐரோப்பாவுக்கு உரியதே. இரண்டும் குட்டிக்குப் பாலூட்டுவன. இரண்டும் பனிக்காலத்தை உறங்கிக் கழிப்பன.

உறங்கும் முறையோ வேறு. ஹாம்ஸ்டர் தானியத்தைக் கன்னப் பைகளில் திணித்துச் சென்று வளையில் குவிக்கும். துயிலின் நடுவே ஏறத்தாழ வாரத்திற்கு ஒரு முறை விழித்து, உண்டு, மீண்டும் உறங்கும். வௌவாலின் உணவு பூச்சிகளே. இருளில் தரையில் ஊரும் வண்டின் காலடி ஓசையைச் செவியால் அறிந்து, பாய்ந்து பற்றும் அதன் திறம் வியக்கத்தக்கது. ஆனால் வண்டுகளைச் சேமித்தல் இயலுமா? ஆகவே அது இலையுதிர் காலத்திலேயே உடலிற் கொழுப்பேற்றிக் கொண்டு குகையை அடைகிறது. தன் உடலே அதற்குக் களஞ்சியம்!

முப்பது கிராம் எடையுள்ள இவ்வௌவால் ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அதனினும் பத்து மடங்கு எடையுள்ள ஹாம்ஸ்டர் சில ஆண்டுகளே வாழும். ஆயினும் முற்காலத்தில் ஒரு தாய் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட குட்டிகளை ஈன்றது.

மாணவர்களே, இவற்றுள் அழிவை நெருங்குவது எது? வௌவால் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் மிகக் கடும் அழிவாபத்தில் உள்ளதாக அறிவித்தது ஹாம்ஸ்டரையே. ஒருகாலத்தில் பெரிதும் குறைந்த வௌவாலோ பல இடங்களில் மீண்டு வந்துள்ளது.

காரணம் பல. இப்போது ஒரு தாய் ஆண்டுக்கு ஐந்தாறு குட்டிகளே ஈனுகிறது. கோதுமை விளைந்த வயல்களில் மக்காச்சோளம் பரவியதும் ஒரு காரணம். மக்காச்சோளத்தையே பெரும்பாலும் உண்ட தாய் ஹாம்ஸ்டர்கள் தம் குட்டிகளையே தின்றுவிட்டதை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கொடுமை என்று அவற்றைப் பழித்தல் தகாது. குறை உணவில் இருந்தது. பி3 என்னும் உயிர்ச்சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் அத்தாய்கள் குட்டிகளைப் பேணி வளர்த்தன.

ஹாம்ஸ்டரைக் காக்கத் தவறியதாக ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அல்சாஸ் உழவர் சிலர் அதன்பொருட்டுக் கோதுமையும் குதிரைமசாலும் பயிரிடுகின்றனர். அவ்வயல்களில் வளர்ப்பு ஹாம்ஸ்டர்கள் விடப்படுகின்றன.