காலி நினைவகம் என்னும் மூடநம்பிக்கை

கைப்பேசி மந்தமாகிவிட்டால் ‘கிளீனர்’ செயலி ஒன்றை நிறுவி, நாள்தோறும் ராமைக் காலி செய்ய வேண்டும், அப்படிச் செய்தால் பழைய கருவியும் புதியதுபோல் ஓடும் என்கிற உபதேசத்தை, கல்லூரி மாணவர் முதல் பென்ஷன் வாங்கும் பெரியவர் வரை, ஒருவர் மாற்றி ஒருவர் எனக்கு ஓதிக்கொண்டே இருக்கிறார்கள். இயங்குதளங்களோடு மல்லுக்கட்டுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன் என்பதாலோ என்னவோ, இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

விஷயம் இதுதான். ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாக இருப்பது, லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல். நாம் ஒரு செயலியை விட்டு வெளியே வந்த பின்பும் அது ராமில் தங்கியிருப்பது கவனக்குறைவினால் அன்று. மறுமுறை தொட்டவுடன் நொடியில் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக, இயங்குதளம் வேண்டுமென்றே அதை அங்கே வைத்திருக்கிறது. வேறொரு செயலிக்கு இடம் போதவில்லையென்றால், அப்போதைக்கு அவசியம் குறைந்தவற்றை அதுவே பொறுக்கியெடுத்து வெளியேற்றிவிடும். கிளீனர் செய்கிற கைங்கரியமோ, அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நீரைக் கொட்டிவிட்டு, பாத்திரம் காலியாகிவிட்டதே என்று பூரித்துப்போவதற்கு ஒப்பானது. கொட்டியதை மறுபடி சேமிப்பகத்திலிருந்து படித்தெடுக்க வேண்டும். பிராசஸர் உழைக்க வேண்டும். பாட்டரி கரைய வேண்டும். விரட்டப்பட்டவற்றுள் சில தாமாகவே மீண்டும் வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. ஒரு செயலி மற்றொன்றை நினைத்தபடி நிறுத்தும் அதிகாரத்தை 2010-இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2 பதிப்பே குறைத்துவிட்டது. அதற்குப் பின்னும், இத்தனை எம்.பி. விடுவித்தேன் என்று திரையில் துள்ளும் எண்ணைத் தரிசித்து ஜனங்கள் பரவசப்படுவானேன்? அந்த எண்ணுக்குக் கீழே ஓடும் விளம்பரத்தில்தான் அச்செயலியின் பிழைப்பு இருக்கிறது என்பதையாவது யோசிக்க வேண்டாமா?

கருவி தளர்வதற்கு உண்மையான காரணங்கள், விளிம்புவரை நிரம்பிய சேமிப்பகமும், மூப்படைந்த பாட்டரியும், பழைய பிராசஸரின் தலையில் ஏற்றப்பட்ட கனத்த செயலிகளுமே. முதலாவதற்குத் தேவையற்ற வீடியோக்களை அழிப்பது மருந்து. இரண்டாவதற்குப் புதுப் பாட்டரி. மூன்றாவதற்கு இலகுவான கட்டற்ற மென்பொருள். 2010 முதல் இயங்கிவரும் எஃப்-டிராய்டு என்னும் களஞ்சியத்தில், மூலநிரல் திறந்துவைக்கப்பட்ட செயலிகள் மட்டுமே கிடைக்கின்றன; விளம்பரமோ வேவு பார்க்கும் நிரலோ எதிலேனும் இருந்தால், அதை அங்கேயே எச்சரித்து எழுதிவைக்கிறார்கள். பாரிஸ் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த வி.எல்.சி.யும், இணையமின்றியே வழிகாட்டும் ஆர்கானிக் மேப்ஸும் அங்கே உள்ளன.

சில்லறை நம்பிக்கைகளுக்கு அதிக வார்த்தை வேண்டியதில்லை. காசு வாங்காமல் கொடுப்பவன் ஏமாற்றத்தானே செய்வான் என்பாருக்கு: மேற்படி கிளீனரும் காசு வாங்காததுதான், ஆனால் அதன் மூலநிரலைப் பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. வாரன்டி போய்விடும் என்ற அச்சம், லினேஜ் ஓ.எஸ். போன்றவற்றை ஏற்றி இயங்குதளத்தையே மாற்றுவோருக்கு உரியது. அதற்காகப் பூட்லோடரைத் திறக்கும்போது தரவெல்லாம் அழிந்துபோகும் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும். செயலி நிறுவுவோருக்கு அக்கவலை எதற்கு? கறுப்புத் திரை பாட்டரியைக் காக்கும் என்பது ஓலெட் திரைகளுக்கே பொருந்தும், எல்.சி.டி.யில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

கிளீனரை நீக்கிய இடத்தில் எதை வைப்பது என்று கேட்பவர்களுக்கு, கிவிக்ஸ் என்னும் வாசிப்புச் செயலியை என்பேன். இதில் எனக்குப் பட்சபாதம் உண்டென்பதை மறுக்கவில்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சிக்னல் எட்டாத மலைக்கிராமத்திலும் கிவிக்ஸைக்கொண்டு வாசிக்கலாம். பள்ளியில் பத்துப் பழைய கைப்பேசிகள் மூலையில் கிடக்குமாயின், ஆசிரியர் ஒருவர் வைஃபை உள்ள இடத்தில் அக்கோப்பை ஒருமுறை இறக்கி, மெமரி கார்டு வழியாக மற்றவற்றுக்கும் நகலெடுத்துவிடலாம். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.