கற்பூரவள்ளியைத் தண்டுத் துண்டினாற் பெருக்கல்

நறுமணச் செரேனியம் தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. நீலகிரி, கொடைக்கானல் முதலிய குளிர்மலைகளில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படுவது. பூவரசங்குளத்தின் வெப்பத்துக்கு அது பொருந்தாது. அதனைப் போலவே இலை மணப்பதும், தண்டுத் துண்டினாற் பெருகுவதுமான கற்பூரவள்ளி இங்கு வீட்டு முற்றத்திலேயே வளரும். தடிமனுக்கும் இருமலுக்கும் கைமருந்தான இச்செடி மாரிமழையில் நீர் தேங்கினால் அழுகிவிடும். ஆதலால், ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே புதுக்கன்றுகளை உண்டாக்கிக்கொள்ளல் வேண்டும்.

துண்டு வெட்டுதல்

பூவாத, நோயற்ற கிளையின் நுனியில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளமான துண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. அடியிலைகளை நீக்கி, வெட்டுவாய் உலரும்வரை நிழலில் வைக்குக.

நடுகை

வயற்களி நீரைத் தேக்கும், அதனை உபயோகித்தலாகாது. மணலையும் மக்கிய எருவையும் சமபங்காகக் கலந்து, அடியில் துளையிட்ட சிரட்டையில் நிரப்புக. கணுவொன்றாவது மண்ணுள் அமையுமாறு துண்டை ஊன்றி, நிழலில் வைக்குக.

நீரூற்றல்

நெல் நாற்றுக்கு ஊற்றுவதுபோல் இதற்கு ஊற்றலாகாது. சதைப்பற்றுள்ள தண்டும் இலையும் நீரைத் தம்முட் சேமித்துள்ளன. வேரற்ற துண்டு மிகுநீரால் அழுகும். மேல்மண் உலர்ந்த பின்னரே சிறிது தெளிக்குக. அடித்தண்டு கறுத்து மென்மையான துண்டுகளை உடனே அகற்றுக.

இரண்டு மூன்று கிழமைகளில் வேர்பிடிக்கும். மெல்ல இழுத்தால் துண்டு அசையாதிருப்பதே அதன் அடையாளம். பின்னர், காலை வெயில் படும் மேட்டில் நடுக. மாரி முடியும்வரை இரண்டொரு கன்றுகளைத் திண்ணையிலேயே வைத்திருப்பின், முற்றத்துச் செடி அழிந்தாலும் இனம் அழியாது.